சருகைக் காத்த அருணாதேவி அம்மாவுக்கு

புங்கை நிழலாய்ப் பொறுமையும் பூவரசம் பூவாய்ப் புன்னகையும் கொண்டு, திருத்தங்கல் பேருந்து நிறுத்தத்தின் புழுதிக்கும் புகைக்கும் நடுவில் ஒரு குட்டிக் காட்டை வளர்த்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் தூய்மைப் பணி மேற்பார்வையாளர் அருணாதேவி அம்மா அவர்களே, வணக்கம்.

குப்பை கொட்டிக் கிடந்த மூலையில் உசிலையும் வாகையும் இலுப்பையும் நாவலும் நெருக்கி நடச் சொன்னீர்கள். "இம்புட்டு நெருக்கினா மூச்சு முட்டாதாம்மா?" என்று கேட்டோம். "ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயில் பஸ்ஸுல ஏறினதில்லையா? நெருக்குற நெருக்குல எல்லாரும் தலையை மேல தூக்குவாக. இதுகளும் அப்படித்தான்" என்றீர்கள்.

எங்களில் பலர் பட்டாசு ஆலையிலிருந்து வந்தவர்கள். அங்கே அறை வாசலில் காய்ந்த இலை கிடந்தாலே போர்மேன் உயிரை எடுப்பார். சருகு என்றால் எங்களுக்கு நெருப்பு. முதல் கோடையில் கன்றுகளின் அடியை மண் தெரியப் பெருக்கிவிட்டோம். மண் வெடித்து, கன்றுகள் துவண்டன. "ஏத்தா, கம்பெனி மாதிரி பளிச்சுனு வச்சிருக்கீக. இதுகளுக்குச் சருகுதானே போர்வை, அதுதானே சோறு" என்று சொல்லிக்கொண்டே, குப்பை வண்டியில் ஏற்றிய சருகை உங்கள் கையாலேயே அள்ளிப் பரப்பினீர்கள். திட்டியிருந்தால் மறந்திருப்போம்.

காடு தலைக்கு மேல் வளர்ந்ததும், பக்கத்து டீக்கடை சோலைமலை அண்ணன் அதை வெட்டச் சொல்லி மனுக் கொடுக்கப் புறப்பட்டார். "பட்டாசு ஊர்ல சருகைக் குமிச்சு வச்சிருக்கீக. தீபாவளிக்கு ஒரு ராக்கெட்டு விழுந்தா என் கடை என்னத்துக்கு ஆகும்?" கேட்டது நியாயம். "தீப்பிடிச்சுச்சுன்னா நானே நின்னு வெட்டச் சொல்றேன்ணே" என்று வாக்குக் கொடுத்தீர்கள்.

அந்தத் தீபாவளியன்று நனைத்த சாக்கோடு காட்டோரம் நின்றீர்கள். ராக்கெட் விழத்தான் செய்தது. புகைந்த சருகின்மேல் சாக்கைப் போட்டு மிதித்தீர்கள். புதுச்சேலைக் கரை கருகியது, காடு கருகவில்லை. குடத்தோடு ஓடிவந்தவர் சோலைமலை அண்ணன்தான். "மனுவை அப்புறம் பாப்போம், முதல்ல சேலையை நனைங்க" என்றார்.

அதன்பின் எந்தத் தீபாவளிக்கும் நீங்கள் வீட்டில் இருந்ததில்லை. நாளை முதல் நீங்கள் எங்கள் மேற்பார்வையாளர் இல்லை. சோலைமலை அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. "இனி யாரு நிப்பா?" என்று போன வாரம் கேட்டீர்கள். அதற்கான பதிலைத்தான் இந்த மடலில் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு இன்று தருகிறோம்.

இந்தத் தீபாவளிக்கு வீட்டில் இருங்கள் அம்மா. பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். நோய் நொடி அண்டாமல், நாவல் பழுக்கும் பருவமெல்லாம் கண்டு நெடுநாள் வாழுங்கள்.

சாக்கை நாங்கள் நனைத்துக்கொள்கிறோம். ஒரு குடம் தண்ணீருக்குச் சோலைமலை அண்ணனும் பேர் கொடுத்திருக்கிறார்.

உங்களோடு குப்பை அள்ளிய,
தூய்மைப் பணியாளர்கள்
எழுதியது: முத்துப்பேச்சி