மேலே இருக்க வேண்டிய கம்பி

மணலில் உப்பு இருக்கிறதா என்று நாக்கில் வைத்துத்தான் பார்ப்பேன். கடற்கரைப் பக்கம் கட்டுகிறவர்களுக்கு அது அவசியம். உப்பு மணல் உள்ளே இருக்கும் கம்பியைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். பள்ளிப் பட்டறையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலில் நான் காட்டுவது இதைத்தான். சீனு அன்றைக்கே சொன்னான்: "மச்சான், டீச்சரு நாஸ்தா துன்னுது பாரு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் மேடம். எனக்குக் கோபம் வரவில்லை.

என்னைப் பற்றிக் கேட்டீர்கள். பெயர் ஜெசிந்தா. கட்டடத் தொழிற்பிரிவு ஆசிரியை. செய்யூர்ப் பக்கம். என் அம்மா சித்தாள் வேலைக்குப் போனவள். கலவைச் சட்டி சுமந்து உச்சந்தலையில் முடியே இல்லாமல் போனது. கொத்தனாரோடு வேலைக்கு வரும் பையன் சில வருஷத்தில் கொத்தனாராகிவிடுவான். பெண் கிழவியானாலும் சித்தாள்தான். அதனால் என் பட்டறையில் கொத்துக்கரண்டியை முதலில் பெண்பிள்ளைகள் கையில் கொடுப்பேன். அன்பரசி எழுப்பிய சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், நூல் பிசகாது.

சீனு, திருப்போரூர் சின்னராசு மேஸ்திரியின் மகன். அவனுக்கு இது பொறுக்கவில்லை.

"கரண்டிய வெச்சிட்டு சட்டியத் தூக்கு. கோலமா போடுற?"

"உங்கப்பன் மேஸ்திரின்னா நீயும் மேஸ்திரியா?" என்றாள் அன்பரசி. "நீ வெச்ச கல்லப் பாரு, குவார்ட்டர் அடிச்சுட்டு நிக்கிற மாரி கீது."

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சித்தாளு பொண்ணு சித்தாளுக்குத்தான சப்போர்ட்டு பண்ணும். டீச்சரோட அம்மா எங்கப்பாகிட்டதான் சட்டி தூக்கினு இருந்துச்சாம்."

எனக்குக் கேட்டது. உண்மையைத்தானே சொன்னான். அப்போதும் கோபம் வரவில்லை.

பட்டறைக்குப் பின்னால் பிள்ளைகள் பயிற்சிக்காக ஒரு சிறிய அறை கட்டினார்கள். ஜன்னலுக்கு மேல் சன்ஷேட். அதில்தான் பெரும்பாலோர் தவறு செய்வார்கள். சுவர்களின் மேல் படுத்திருக்கும் தளத்துக்குக் கம்பி அடியில் வர வேண்டும். சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் சன்ஷேடுக்கு மேலே வர வேண்டும். மாறினால் முட்டுக்கொடுத்திருக்கும்வரை நிற்கும், பிறகு நிற்காது.

விழுந்த சன்ஷேடை உடைத்துப் பார்த்தபோது கம்பி அடியில் கிடந்தது. மேஸ்திரி மகனுக்கு இதுகூடவா தெரியாது என்றார் தலைமையாசிரியர். நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது பொய்யாகாது.

சீனு கம்பியை மேலேதான் கட்டியிருந்தான். நல்ல கட்டு. கலவையைக் கலந்துவைத்துவிட்டுப் பிள்ளைகள் சாப்பிடப் போனார்கள். நான் சாரத்தில் ஏறி அந்தக் கம்பிகளின் மேல் நடந்தேன். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, அவை பலகையோடு படியும்வரை. அமுங்காமலிருக்க அடியில் தாங்கல் வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவன் வைக்கவில்லை. கட்டட வேலையில் கம்பியை யார் வேண்டுமானாலும் மிதிப்பார்கள். மிதித்தாலும் தாங்குகிற மாதிரி கட்டுகிறவன்தான் தொழில்காரன்.

அவர்கள் திரும்புவதற்குள் நானே கலவையைச் சுமந்து கொட்டி, கம்பி தெரியாமல் மூடிவிட்டேன். தலையில் சட்டியோடு நின்ற என்னைப் பார்த்து சீனு சிரித்தான். "டீச்சரே தூக்கிச்சா? ரத்தத்துலயே கீது."

இல்லை, அவன் அப்படிச் சொன்னதால் இல்லை. நான் ஏற்கெனவே நடந்து முடித்திருந்தேன்.

அதன் பிறகு நாள் தவறாமல் அவன்தான் ஈரச்சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். வேலையில் அக்கறை உள்ளவன், அதை மறைக்க மாட்டேன். கட்டியவனே முட்டுகளைப் பிரிக்க வேண்டும் என்பது என் பட்டறை வழக்கம். கடைசி முட்டுக்கம்பைச் சுத்தியலால் தட்டினான். சன்ஷேட் அவன் முதுகில் இறங்கியது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் சின்னராசு மேஸ்திரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள எங்கம்மா தப்பு பண்ணான்? நீயாவது சொல்லு."

"கம்பி மேல இருக்கணும்ணே," என்றேன்.

தலையாட்டினார். தொழில் தெரிந்தவர்.

பழிவாங்கினாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பழிவாங்குகிறவளுக்குக் கண் தெரியாது மேடம். எனக்குத் தெரிந்தது. முட்டுகளைப் பிரிக்கும் முன்பே அன்பரசியையும் மற்றப் பிள்ளைகளையும் டீ குடிக்க அனுப்பிவிட்டேன். சீனுவை மட்டும்தான் இருக்கச் சொன்னேன். என் பொறுப்பில் இருந்த வேறு ஒரு பிள்ளைக்குக்கூடச் சின்னக் கீறல் விழவில்லை.

அதை முதலில் எழுதுங்கள்.