நூத்துக்கு எத்தனை

அதை அழுத்தாதீங்க மிஸ் ஐசில்டா, அந்த மணி அடிக்காது. நீங்க நேத்துதான வந்தீங்க, தெரியாது. இடுப்பு ரொம்ப வலிக்குதா? எனக்கு இடது பக்கம் வராது, இல்லேன்னா நானே வந்து திருப்பி விட்டிருப்பேன். பேச்சு குளறுது, புரியுதுல்ல? காடியன்னு ஒரு பொண்ணு இப்பக் கஞ்சி எடுத்துட்டு வருவா, அவ பாத்துக்குவா. நர்ஸ் இல்ல, நர்ஸுக்குப் படிக்கிறவ. என்கிட்டதான் படிக்கிறா. நர்ஸுங்க பாதிப்பேரு கனடாவுக்குப் போயாச்சு. எல்லாம் நான் தேத்தி விட்டதுங்கதான், யாரைப் போய் நோகுறது?

ஆமா, இதே மாண்டவில் ஊர்ல, நர்ஸ் பள்ளிக்கூடத்துல முப்பது வருஷமா டீச்சர். என் வகுப்புல நோயாளிக்குப் பதிலா வெச்சுப் பழகுற ரப்பர் பொம்மையே கிடையாது. பொம்மைக்குக் கூச்சம் உண்டா, கோவம் வருமா? நானே கட்டில்ல ஏறிப் படுத்துக்குவேன். ஒரு நாள் கால் ஒடிஞ்ச கிழவி, ஒரு நாள் பிரசவ வலி. நீங்க கிழங்கு விக்கிற சந்தையில விலைக்குச் சண்டை போடுறவங்க தோத்தாங்க, அப்படி வைவேன். சிரிக்காதீங்க, இடுப்பு பிடிச்சுக்கும்.

ஒரே ஒரு சட்டம்தான். நான் என்ன கத்தினாலும் நம்பி வேலையை நிறுத்தக் கூடாது. டீச்சர், நெஜமாவே வலிக்குதானு எவளாவது கேட்டா அவளுக்கு முட்டை. நோயாளி குழம்புவாங்க, நீங்க குழம்பாதீங்கனு மண்டையில ஏத்தி வெச்சிருந்தேன். எத்தனை பேரை ஏமாத்தியிருக்கேன் தெரியுமா! காடியன் மட்டும் ஏமாறவே மாட்டா. கெட்டிக்காரி.

எனக்கா? எப்படி வந்துச்சுனா... அன்னிக்குப் பக்கவாதப் பாடம். கை வராதவங்களை எப்படித் துடைச்சு விடுறதுனு. வாயைக் கோணிக்கிட்டு, கையைத் தொங்கப் போட்டுப் படுத்திருக்கேன். நடுவுல வாயை நேராக்கப் பாத்தா வரல. கையும் வரல. இது நெஜம்டி, டாக்டரைக் கூப்பிடுங்கடினு குளறுறேன். எல்லாம் கைதட்டுதுங்க. காடியன் மட்டும் சிரிக்கல. என் நெத்தியைத் தடவி, பயப்படாதீங்கம்மா, நாங்க பக்கத்துலதான் இருக்கோம்னா. தண்ணிச் சூடு பாத்தா, கைக்கு அடியில தலகாணி வெச்சா, போர்வை விலகாம உடம்பு துடைச்சா. ஒரு குத்தம் சொல்ல முடியாது, மிஸ் ஐசில்டா. நான் சொல்லிக் குடுத்தபடியே.

சாப்பாட்டு மணி அடிச்சுது, எல்லாம் சாப்பிட ஓடிருச்சுங்க. அவ மட்டும் கதவுகிட்ட நின்னு, டீச்சர், எனக்கு நூத்துக்கு எத்தனைனு கேட்டுட்டுப் போனா. சாப்பிட்டு, வார்டு வேலையும் முடிச்சு சாயங்காலம் அவங்க திரும்பி வந்தப்பவும் அப்படியேதான் கெடந்தேன். ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசிக்கு நேரம் தாண்டிருச்சுனு டாக்டர் சொன்னாரு. இனிமே இந்தக் கை அவ்வளவுதான்.

நேத்து முதுகு துடைக்கும்போது மெதுவாக் கேட்டா, டீச்சர், எப்ப இது நெஜமாச்சுனு. நீங்கல்லாம் சாப்பிடப் போனப்புறம்டினு சொல்லிட்டேன். பத்தொம்பது வயசு அவளுக்கு, வேற என்ன சொல்லச் சொல்றீங்க?

அதோ, கஞ்சியோட வர்றா. கண்ணைத் தொடைச்சுக்கோங்க, நீங்க எதையும் கேக்கல. நாளைக்கு மார்க் குடுக்கணும். நூத்துக்கு நூறுதான் போடப் போறேன். ஒண்ணு கொறைச்சாலும், டீச்சர், நான் எங்க தப்புப் பண்ணேன்னு கேப்பாளே.