நாளை வரும் செய்தியில் ஒரு பெயர்

மாலை 5.40 மணிக்குப் படத்தில் ஊழலை எழுதிய பத்திரிகை நிருபரின் காரை லோரி மோதியது. என் முன்வரிசைக்காரர் எழுந்து வெளியே ஓடினார். படம் முடிந்தும் படபடப்பு அடங்காமல், கிள்ளான் திரையரங்கு வாசலில் என் மகனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அந்த முன்வரிசைக்காரரும் அவர் மனைவியும் நின்றார்கள்.

“பாதியில எங்கங்க போனீங்க?”

“எடிட்டருக்குப் போன் பண்ணேன். பாப்பா எழுதின நில ஊழல் செய்தி நாளைக்கு வருதுல்ல, அதுல அவ பேரு வேணாம்னு சொல்லிட்டேன்.”

“அவளைக் கேட்டீங்களா?”

“லோரியைப் பார்த்தல்ல?”

“அவ கொமுட்டர் ரயில்ல போறவ லா!”

“மாலா முனியாண்டின்னு போடுவாங்க. என் பேரும் இருக்குல்ல?”

“ஓ, அதான் பயமா?”

அவர்களுடைய மகள் வந்து சேர்ந்தாள்.

“எடிட்டர் சொன்னாருப்பா. உங்க பேரை மட்டும் எடுக்கச் சொல்லிட்டேன். மாலான்னு வரும்.”