முப்பது நாள் இலவசம்

ரவ்தா: அண்ணே, எனக்கு விலைய மட்டும் சொல்லுங்க. கதை வேணாம்.

ஷாத்லி: விலையக் கேட்டா நீ உக்காந்துடுவ. அதான் முதல்லயே ஸ்டூல இழுத்துப் போட்டேன்.

ரவ்தா: நின்னுக்கிட்டே கேக்குறேன். படத்த வெட்டணும், ஒட்டணும், எழுத்துப் போடணும், வெப்சைட்டுல ஏத்தணும். அதுக்கு ஒரு சாஃப்ட்வேர். இன்னிக்கே வேணும்.

ஷாத்லி: இன்னிக்கேவா? நோன்பு நாள்ல மூணு மணிக்கு மேல எனக்கு மூளை பாதிதாம்மா ஓடும்.

ரவ்தா: பாதி போதும். சொல்லுங்க.

ஷாத்லி: பெரிய கம்பெனியோடது ஒண்ணு இருக்கு. நீ கோர்ஸ்ல கத்துக்கிட்டியே, அதேதான். எண்பது தினார்.

ரவ்தா: வருஷத்துக்கா?

ஷாத்லி: மாசத்துக்கு.

ரவ்தா: ...அந்த ஸ்டூல இப்படித் தள்ளுங்க.

ஷாத்லி: பாத்தியா! அதுவும் நம்ம தினார அவன் தொடமாட்டான். வெளிநாட்டுக்குப் பணம் கட்டுற கார்டு வேணும். இருக்கா?

ரவ்தா: பேங்க்ல கேட்டேன். என்ன தொழில்னான். வெப் டிசைனர்னேன். இதுவரைக்கும் எத்தனை வெப்சைட் பண்ணியிருக்கீங்கன்னான்...

ஷாத்லி: எத்தனை?

ரவ்தா: இப்ப பண்றதுதான் முதல் ஒண்ணு! கோட்டைவாசல்கிட்ட மக்ரூத் இனிப்புக் கடை வச்சிருக்காரே ஹம்தா, அவருக்கு. பெருநாளுக்கு முன்னாடி துனிஸ்காரங்க வீட்டுல உக்காந்துக்கிட்டே ஆர்டர் குடுக்கணுமாம். நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் காட்டணும். பிடிச்சுதுன்னா அவரு தம்பிங்க மூணு பேரு கடைக்கும் நான்தான்.

ஷாத்லி: பிடிக்கலன்னா?

ரவ்தா: எங்க மாமி ஜெயிச்சுட்டாங்க. கம்ப்யூட்டர வித்துட்டுத் தையல் மெஷின் வாங்குன்னு ஆறு மாசமா ஒரே பாட்டு.

ஷாத்லி: சரி, அடுத்தது கேளு. இருநூறு தினார். ஒரே தடவை கட்டினா ஆயுசுக்கும் உன்னுது. என் கார்டுலயே வாங்கித் தரேன், நீ மெதுவாக் குடு. அழகான சாஃப்ட்வேர்.

ரவ்தா: என்ன குறை?

ஷாத்லி: குறை இருக்குன்னு யாரு சொன்னா?

ரவ்தா: உங்க மூஞ்சி சொல்லுது.

ஷாத்லி: அது... அரபு எழுத்த சேத்து எழுதாது. ஒவ்வொரு எழுத்தாப் பிச்சுப் போட்டு இடது பக்கத்துலேர்ந்து அடுக்கும்.

ரவ்தா: அப்போ "மக்ரூத்"னு எழுதினா?

ஷாத்லி: யாரோ கீழ போட்டு மிதிச்ச மக்ரூத் மாதிரி இருக்கும்.

ரவ்தா: வேணாம் சாமி. அப்போ அந்த... அஞ்சு தினார் வட்டு? மேசைக்கு அடியில வச்சிருப்பீங்களே...

ஷாத்லி: மெதுவாப் பேசும்மா! திருட்டுச் சரக்க நோன்பு மாசத்துல நான் விக்கிறதில்ல.

ரவ்தா: அடேயப்பா! மத்த பதினோரு மாசமும்?

ஷாத்லி: பெருநாள் கழிச்சு வா, பேசிக்கலாம். இப்போ கடைசியா ஒண்ணு சொல்றேன். காசே வேணாம், சும்மாவே கிடைக்குது. உலகம் பூரா ஆளுங்க சேந்து எழுதிப் பொதுவுல வச்சிருக்காங்க.

ரவ்தா: சும்மா குடுக்குறதுல என்ன இருக்கப் போகுது?

ஷாத்லி: எல்லாம் இருக்கு. பட்டன்தான் வேற வேற இடத்துல இருக்கும். புது வீட்டுல உப்பு டப்பாவத் தேடுற மாதிரி ரெண்டு நாள் தேடுவ.

ரவ்தா: அரபு?

ஷாத்லி: அம்சமா எழுதும்.

ரவ்தா: அப்புறம்... அது தேதி பாக்குமா?

ஷாத்லி: என்னது?

ரவ்தா: கம்ப்யூட்டர்ல இன்னிக்கு என்ன தேதின்னு... அது கவனிக்குமா?

ஷாத்லி: அதுக்கு எதுக்குத் தேதி? கல்யாணமா வச்சிருக்கு? ...ரவ்தா, இங்க என்னப் பாரு. என்ன பண்ணின?

ரவ்தா: ஒண்ணுமில்ல... பெரிய கம்பெனிக்காரன் முப்பது நாள் இலவசம்னான். எல்லாப் படத்தையும் அதுலதான் பண்ணினேன். நேத்து மத்தியானத்தோட முப்பது முடிஞ்சுது. காசு கட்டு, அப்பத்தான் திறப்பேன்னுட்டான். அதனால கம்ப்யூட்டர் தேதிய... ஒரு மாசம் பின்னால தள்ளிட்டேன்.

ஷாத்லி: ஏமாந்துச்சா?

ரவ்தா: சமத்தா ஏமாந்துச்சு. ஆனா தேதி தப்பா இருந்தா இன்டர்நெட் திறக்க மாட்டேங்குது. தேதியச் சரி பண்ணினா படம் வரல, தள்ளி வச்சா வெப்சைட்டுல ஏத்த முடியல. இந்தக் கதவத் திறந்தா அந்தக் கதவு சாத்திக்குது.

ஷாத்லி: இரு இரு... தொழுகை நேரத்துக்குப் பாங்கு சொல்ற சாஃப்ட்வேர உன் கம்ப்யூட்டர்லதானே போட்டுக் குடுத்தேன்? அது தேதிய வச்சுத்தானே சூரியன் எப்ப மறையும்னு கணக்குப் போடும்...

ரவ்தா: தெரியும். இப்பத் தெரியும்.

ஷாத்லி: போன மாசம் சூரியன்...

ரவ்தா: இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடி மறைஞ்சுது. போதுமா? நேத்து எங்க வீட்டுல ஒன்பது பேரும் இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடியே நோன்பு திறந்தோம்.

ஷாத்லி: யா அல்லா! பள்ளிவாசல் பாங்கு கேக்கலையேன்னு ஒருத்தருக்குமா தோணல?

ரவ்தா: அங்க ஒலிபெருக்கி கெட்டு ஒரு வாரம் ஆச்சு. ரிப்பேருக்குக் குடுத்த எங்க டிவி உங்க அலமாரி மேல படுத்திருக்கு, நாளைக்கு நாளைக்குன்னு. கம்ப்யூட்டர் பாங்கத்தான் நம்பி உக்காந்திருந்தோம்.

ஷாத்லி: போன்ல மணி பாக்கலாமே?

ரவ்தா: பசிச்சவன் பாங்கு கேட்ட பிறகு மணியா பாப்பான்? சூப்பு முடிஞ்சு, முட்டை வச்சுப் பொரிச்ச ப்ரீக்கு முடிஞ்சு, மாமா சிகரெட்டே பத்த வச்சுட்டாரு. அப்ப பக்கத்து வீட்டு டிவில பாங்கு கேக்குது... சிரிக்காதீங்க!

ஷாத்லி: சிரிக்கலம்மா... தும்மல்... வீட்டுல என்ன சொன்னாங்க?

ரவ்தா: சாஃப்ட்வேர்தான் கோளாறுன்னாங்க.

ஷாத்லி: எந்த... என் சாஃப்ட்வேரா?

ரவ்தா: நான் வாயே திறக்கல அண்ணே. பயமா இருந்துச்சு. மாமிக்குத் தெரிஞ்சா கம்ப்யூட்டர் இன்னிக்கே தெருவுல. நாளைக்கு ஹம்தாகிட்ட எதைக் காட்டுறது?

ஷாத்லி: அதான் காலைலேர்ந்து கடைல ஈ கூட இல்லையா! பெருநாள் வியாபாரம்மா இது... போச்சு. அங்க பாரு, யாரு வராங்கன்னு.

ரவ்தா: மாமி!

மஹ்பூபா: டேய் ஷாத்லி! வெளிய வா! ...நீ இங்கயா இருக்க ரவ்தா? நல்லதாப் போச்சு, நீயும் கேளு. ஏன்டா, ஒன்பது பேரு நோன்பக் கெடுத்துட்டு ஃபேன் காத்துல உக்காந்திருக்கியே, உனக்கு மனசு உறுத்தல?

ஷாத்லி: பெரியம்மா, உக்காருங்க. அந்த சாஃப்ட்வேர் வந்து... சில நேரம் வந்து...

மஹ்பூபா: வந்து போயியெல்லாம் வேணாம். தெருவுல நாலு வீட்டுல சொல்லிட்டேன், இவன் கடைல எது வாங்கினாலும் பொய்னு. மீதி வீட்டுக்கும் இப்பப் போகப் போறேன்.

ஷாத்லி: ஐயோ பெரியம்மா, வயித்துல அடிக்காதீங்க...

மஹ்பூபா: எங்க வயித்துல நீ அடிக்கலியா? என் வீட்டுக்காரரு அந்த சிகரெட்ட அணைச்சுட்டு அழுதாருடா. நாப்பது வருஷத்துல ஒரு நோன்பு விட்டதில்ல அந்த மனுஷன்.

ரவ்தா: மாமி.

மஹ்பூபா: நீ சும்மா இரு.

ரவ்தா: மாமி, அவரு மேல தப்பில்ல. நான்தான்.

மஹ்பூபா: என்ன நீதான்?

ரவ்தா: தேதிய நான்தான் பின்னால தள்ளினேன். என் படம் திறக்கணும்னு. பாங்கு மாறும்னு எனக்குத் தோணவே இல்ல. சத்தியமா. நேத்தே சொல்லியிருக்கணும்... வாய் வரல. இவரு பேரு கெடுறத என்னால பாக்க முடியல மாமி.

ஷாத்லி: பெரியம்மா... தண்ணி... சே, நோன்பு. விசிறி வேணுமா?

மஹ்பூபா: என்ன படம்டி அது? நோன்ப விடப் பெரிய படம்?

ரவ்தா: மக்ரூத் படம். ஹம்தா கடையோடது. பென்டிரைவ்ல இருக்கு.

ஷாத்லி: குடு, குடு. அந்த இலவச சாஃப்ட்வேர் இங்க இருக்கு, அதுல போட்டுப் பாப்போம். பெரிய கம்பெனிக்காரன் பூட்டின படத்தையும் இது திறக்கும்பாங்க... ம்... வருது, வருது... பாரு! தேதி என்னன்னு கேட்டுச்சா?

ரவ்தா: எழுத்து? ...சேந்துதான் இருக்கு! அண்ணே, எழுத்தெல்லாம் சேந்து இருக்கு! ஐயோ, பளபளப்பு போயிடுச்சே.

ஷாத்லி: அந்த மாதிரி ஜிகினா வேலை மட்டும் ஒரு சாஃப்ட்வேர்லேர்ந்து இன்னொண்ணுக்கு வராது. திரும்பப் போட்டுக்கணும்.

மஹ்பூபா: நகரு, பாக்குறேன்... இது நீ பண்ணினதா?

ரவ்தா: ஆமா மாமி.

மஹ்பூபா: எல்லாமா? இந்தத் தட்டு, இந்த வளைஞ்ச எழுத்து?

ரவ்தா: எல்லாம்.

மஹ்பூபா: பாகு எங்க? மக்ரூத்துன்னா பாகு வழியணும். இது மூணு நாள் வெளிய கிடந்த மாதிரி வறண்டு கிடக்கு.

ரவ்தா: அதான் போன பளபளப்பு. ஆறே படம், இங்கயே உக்காந்து ஒரு மணி நேரத்துல போட்டுடுவேன்.

மஹ்பூபா: அந்த ஓரத்துலயும் போடு. பேரீச்சம்பழம் எட்டிப் பாக்குது பாரு, அங்க. ...இத வெறும் வயித்தோட பாக்க வைக்கிறியே, பாவி.

ஷாத்லி: பெரியம்மா, அப்போ என் பேரு...

மஹ்பூபா: கத்தாத. கரன்ட்டு போய் வந்ததுல கடிகாரம் மாறிப்போச்சு, ஷாத்லி பாவம்னு நானே எல்லா வீட்டுலயும் சொல்லிடறேன். எங்க டிவிய இன்னிக்கே அனுப்பு.

ஷாத்லி: இப்பவே. தலைல வச்சே தூக்கிட்டு வரேன்.

ரவ்தா: கரன்ட்டு வேணாம் மாமி. வீட்டுக்குப் போனதும் மாமாகிட்ட உண்மைய சொல்லிடறேன். திட்டினாத் திட்டட்டும்.

மஹ்பூபா: அதெல்லாம் சொல்லக் கூடாது.

ரவ்தா: இல்ல மாமி, மனசுல வச்சுக்கிட்டு என்னால...

மஹ்பூபா: வேணாம்னா வேணாம்டி!

ரவ்தா: ஏன் மாமி? என்னக் காப்பாத்த நீங்க எதுக்குப் பொய் சொல்லணும்?

மஹ்பூபா: உன்னையா காப்பாத்துறேன்? கரன்ட்டுன்னா பேச்சு அதோட முடிஞ்சுடும். தேதிய இவ தள்ளினா சரி, அடுப்படி ஜன்னல்கிட்ட நின்ன உனக்குமா சூரியன் தெரியலன்னு உங்க மாமா அடுத்த கேள்விய என்கிட்டத்தான் கேப்பாரு. தெரிஞ்சுதுடி... எதிர்வீட்டுச் சுவரு பூரா வெயிலு. ஒன்பது ப்ரீக்கையும் அப்பத்தான் எண்ணெய்லேர்ந்து எடுத்து வச்சேன், ஆறிப்போனா நாய் திங்காதுன்னு பேசாம உக்காந்து நானும் சாப்பிட்டுட்டேன். தெரியாம திறந்த உங்களுக்கெல்லாம் ஒரே ஒரு நாள் கழா, திரும்பப் பிடிச்சாப் போதும். தெரிஞ்சே திறந்தவளுக்கு அபராதமா அறுபது நாளு... இந்த வயசுல அறுபது நோன்ப நான் எங்கடி போய்ப் பிடிப்பேன்?