தெற்குச் சரிவில் அத்தை

நோட்பூர்கா: ...இப்படி நின்னுக்கிட்டே இருந்தா எப்படி மாப்பிள்ளை? உச்சி அதோ தெரியுது.

எல்மார்: பனிச்சறுக்கு பூட்ஸ் கொக்கி... லூசா இருக்கு, அத்தை.

நோட்பூர்கா: மூணாவது தடவையா மாட்டுற. அப்புறம், மே மாசம் கல்யாணம் முடியட்டும், அதுக்கப்புறம் அத்தைன்னு கூப்பிடு.

எல்மார்: நீங்க மட்டும் மாப்பிள்ளைன்னு...

நோட்பூர்கா: நான் கூப்பிடலாம்.

எல்மார்: மணி பத்தாகப் போகுது. வெயில் நேரா இந்தச் சரிவு மேலதான் விழுது, பனி இளகிடும்.

நோட்பூர்கா: முகம் கறுத்துட்டா என் பொண்ணு லெனி வேணாம்னுடுவாளோன்னு பயமா?

எல்மார்: அஞ்சு மணிக்குக் கிளம்பறதாத்தானே பேச்சு? நீங்க ஏழு மணி வரைக்கும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கிட்டு...

நோட்பூர்கா: அதுல நாலைத் தின்னது யாரு?

எல்மார்: ...நான்தான்.

நோட்பூர்கா: இந்த ஸெல்ரைன் மலையில முப்பது வருஷமா ஏறுறேன். பின்னாலேயே வா.

எல்மார்: பனியில கம்பைக் குத்திப் பார்த்தேன். கைப்பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு.

நோட்பூர்கா: உன் கை பலம் அப்படி.

எல்மார்: ராத்திரி முழுக்க மேகம் மூடியிருந்துச்சு அத்தை, பனி இறுகவே இல்லை. மேலே பாருங்க, யாரும் தொடாமலே உருண்டை உருண்டையா உருளுது.

நோட்பூர்கா: பார்க்க நல்லாத்தான் இருக்கு.

எல்மார்: அத்தை, நில்லுங்க.

நோட்பூர்கா: என்ன?

எல்மார்: நான் வரலை. உங்களையும் விட மாட்டேன். கோழைன்னு லெனிகிட்ட சொல்லிக்கோங்க, கல்யாணத்தைக்கூட நிறுத்திக்கோங்க. இப்போ அந்தப் பாறை ஓரமா கீழே இறங்கறோம்.

நோட்பூர்கா: என்னையே அதட்டுறியா?

எல்மார்: ஆமா.

நோட்பூர்கா: சரி, சறுக்குக் கட்டையைத் திருப்பு.

எல்மார்: அவ்வளவுதானா?

நோட்பூர்கா: திருப்புன்னு சொன்னேன்ல. பேசாம இறங்கு... அடடா, காபி பிளாஸ்க்கை அங்கேயே வச்சுட்டேன்.

எல்மார்: நான் ஓடிப் போய்...

நோட்பூர்கா: நில்லு. கிடந்துட்டுப் போகுது.

எல்மார்: அத்தை... அது என்ன சத்தம்?

நோட்பூர்கா: பாறையை ஒட்டி நில்லு. அசையாதே.

எல்மார்: பனி மொத்தமா சரிஞ்சு வருது அத்தை!

நோட்பூர்கா: ...முடிஞ்சுது. மூச்சு விடு.

எல்மார்: நாம நின்ன இடமே... காணோம்.

நோட்பூர்கா: பிளாஸ்க்கும் போச்சு. புதுசு.

எல்மார்: ஏன் காலரை இழுத்து இழுத்து மூடிக்கறீங்க?

நோட்பூர்கா: குளிரு.

எல்மார்: வெயில் கொளுத்துதே.

நோட்பூர்கா: சரி, சொல்லிடறேன். பனி இறுகலைன்னு வீட்டு வாசல்லேயே எனக்குத் தெரியும். வேணும்னேதான் தாமதம் பண்ணேன். திரும்பிடலாம்னு சொல்லத் தைரியம் இல்லாதவனுக்கு என் பொண்ணைக் கொடுக்கறதா இல்லை. உன்னைச் சரிவுக்குள்ள விட்டிருக்க மாட்டேன்... ஆனா பனிச்சரிவு இவ்வளவு கீழே வரும்னு நினைக்கலை. தப்பு என்மேலதான்.

எல்மார்: அப்போ இது பரீட்சை.

நோட்பூர்கா: பரீட்சைதான். தேறிட்ட. ஏன் தலையைக் குனியுற?

எல்மார்: உங்க வீட்டுக்காரர், கஸ்பர் மாமா, நேத்தே எல்லாத்தையும் சொல்லிட்டார். பத்தரை மணி வரைக்கும் வீரமா நடி, அப்புறம் திரும்பலாம்னு சொல்லு, அப்போதான் உன் அத்தை நம்புவாள்னார்... எனக்குத்தான் பத்து மணிக்கு மேல பயம் தாங்கலை.