பள்ளத்தில் மின்னிய லைட்

சண்டை முடிந்த வருசம். கல்லடி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் கம்பஸில் படிக்கிற இரண்டு பிள்ளைகள். ஒருத்தியின் மடியில் வயர் பூட்டிய சின்னப் பலகை, அதில் குண்டுமணி அளவு லைட். நாலாம் வகுப்போடு நின்ற நான் அதை ரேடியோ என்று நினைத்து, பாட்டுக்குக் காத்திருந்தேன்.

"இண்டைக்குக் கண்காட்சிடி! இது விட்டுவிட்டு மின்னோணும். சும்மா எரிஞ்சிக்கிட்டே கிடக்கு," என்றாள் பலகைக்காரி.

சுனாமி உடைத்த ரோட்டில் பஸ் குதித்தது.

"ஐயோ, பார்த்தியாடி? லைட் கோடா இல்லாம புள்ளி புள்ளியா ஓடிச்சு! அது மின்னுது, வேகத்துல கண்ணுக்குத் தெரியல்ல. புரோகிராமில அஞ்சு செக்கன் எண்டு நினைச்சிப் போட்டன். அது செக்கனை ஆயிரமாப் பிரிச்சதில அஞ்சு!"

"ஒரு குலுக்கல வெச்சி நம்பேலாது," என்றாள் மற்றவள்.

"டிரைவர் அண்ணன், மறுகா ஒரு பள்ளத்துல விடுங்க!"

கண்டக்டர் சொன்னார்: "பயப்படாதீங்க தங்கச்சி, பாலம் வரைக்கும் பள்ளம்தான்."