வெட்ட வெட்ட நின்ற எண்

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கணக்கு வாத்தியாரின் துணைவியார், எங்கள் அண்ணி அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் கணக்கு வாத்தியாருக்கு இரங்கல் உரை ஆற்ற, விளையாட்டு ஆசிரியரான என்னை நிறுத்தியிருக்கிறார்கள். கணக்கு என்றால் காத தூரம் ஓடுபவன் நான். ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

யார் அவர்? எங்கள் சண்டைகளையெல்லாம் ஒரே எண்ணால் தீர்த்துவைத்தவர்! கால அட்டவணைக்காக யாராவது குரலை உயர்த்தினால் போதும், பலகையில் 73939133 என்று எழுதிவிட்டு, "இதை மீதி இல்லாம வகுங்க, அப்புறம் நான் உங்க கட்சி" என்பார். யாரால் வகுக்க முடிந்தது? ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதாலும் வகுபடாத பகா எண் அது. நானும் சாப்பாடு ஆறிப்போகும்வரை மோதிப் பார்த்து மண்ணைக் கவ்வியவன்தான்.

அது மட்டுமா! கடைசி இலக்கத்தை வெட்டுங்கள்: 7393913. அதுவும் பகா எண். இன்னொன்றை வெட்டுங்கள்: 739391. அதுவும்! இப்படியே 7 வரை வெட்டிக்கொண்டே போகலாம். இந்தக் குணம் உள்ளவற்றில் இதைவிடப் பெரிய எண்ணே கிடையாதாம். பின்னால் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் வகுபட்டுவிடுமாம்.

அப்படிப்பட்டவருக்குச் சென்ற ஆண்டு மறதி நோய் வந்தது. தினமும் காலையில் அண்ணி சிலேட்டை நீட்டுவார், அவர் அந்த எண்ணை எழுதுவார். அதை வைத்துத்தான் அன்றைக்கு அவர் எப்படி இருக்கிறார் என்று அண்ணி கணிப்பது. ஒரு நாள் கடைசி 3 இல்லை. சில வாரம் கழித்து அதற்கு முந்தைய 3 இல்லை. "தம்பி, நம்பர் தேயுது" என்று அண்ணி தொலைபேசியில் அழுதார்.

அந்த எண்களைக் குறித்துக்கொண்டு புதிய கணக்கு ஆசிரியையிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, "ஒண்ணுகூடத் தப்பில்ல சார், எல்லாமே பகா எண்தான்" என்றார். மறந்தாரா? வெட்டினாரா? மறதி இவ்வளவு ஒழுங்காக வருமா? மருத்துவரைக் கேட்டால் கணக்கு ஆசிரியையைக் கேட்கச் சொன்னார். ஆசிரியையைக் கேட்டால் மருத்துவரைக் கேட்கச் சொன்னார்!

கடைசி வாரம் சிலேட்டில் 7 மட்டும்தான். அண்ணி குனிந்து, "நான் யாருன்னு தெரியுதாங்க?" என்று கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் அண்ணியையே பார்த்து, "ஏழு" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

"என்னை யாருன்னே தெரியாமத்தான் போயிட்டாரா தம்பி?" என்று இன்று காலை அண்ணி கேட்டார். இந்த மேடைக்கு வருவதற்குள் விடை கிடைத்துவிடும் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை, அண்ணி. பொய் சொல்லவும் மனம் வரவில்லை. எல்லாவற்றையும் விட்டவர் அந்த இலக்கத்தை மட்டும் விடவில்லை. உங்கள் கேள்விக்கு அதைத்தான் எடுத்துக் கொடுத்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நண்பர்களே, அவர் பணியைத் தொடர்வோம்! நாளை முதல் பள்ளி வாசல் பலகையில் அந்த எண் நிற்கும் என்று உறுதி கூறுகிறேன். ஆனால் முதல் இலக்கத்தை அண்ணிதான் எழுத வேண்டும். மீதியை நாங்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்கிறோம்.